படகில் ஒரு ராத்திரி... விழித்திருப்பது யார்?

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். எத்தனையாவது வளைவில் யாருக்கு வாந்தி வந்தது என்று கணக்குக்கூடச் சொல்வார்கள்! அப்புறம் அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, மலை வாழைப்பழம், மிளகு, அன்னாசி... கடைசியாக, "வாசலூர்பட்டியில போட்டிங் போனோம்" என்பார்கள்.

சின்ன ஏரிதான். சுற்றிலும் பச்சை. காலால் மிதித்துக்கொண்டே போகிற படகு. முகத்தில் படுகிற குளிர்ந்த காற்று. நாமக்கல், சேலம் வெயிலில் வெந்து போனவர்களுக்கு அந்த அரை மணி நேரம் சொர்க்கம்தான், சந்தேகமில்லை.

அந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆசை வரும். "அப்பா, ராத்திரி படகிலேயே படுத்துக்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிள்ளைகள் என்ன, பெரியவர்களுக்கும் அந்த நினைப்பு வரும். படகை நடு ஏரியில் நிறுத்திவிட்டு, மேலே நட்சத்திரம், கீழே தண்ணீர், நடுவில் நாம்... நினைத்தாலே இனிக்கத்தான் செய்கிறது.

ஆனால் வாசலூர்பட்டியானாலும் சரி, ஏற்காடு, கொடைக்கானல் ஆனாலும் சரி, நம் மலை ஏரிகளில் படகுச் சவாரி பகலோடு முடிந்துவிடுகிறது. உடனே நமக்குக் கோபம் வரும். "ஆலப்புழையில விடறாங்க, காஷ்மீர்ல விடறாங்க. இங்க மட்டும் என்ன? எதுக்கெடுத்தாலும் தடைதான்!" என்று அலுத்துக்கொள்வோம்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் 'அனுமதி இல்லை' என்று ஒரு போர்டை மாட்டிவிட்டுப் போவதுதான் தப்பு. போர்டு சொல்லாத அந்தப் பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். என் கட்சி இதுதான்: படகு விதிகள் எல்லாமே விழித்திருக்கும் மனிதனுக்காக எழுதப்பட்டவை. அவன் தூங்கிவிட்டால் அவற்றில் பாதி செல்லாக்காசு. ஆகவே, ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாத எந்தப் படகிலும் குடும்பத்தோடு தூங்கக்கூடாது. விடவும் கூடாது.

லைஃப் ஜாக்கெட்டோடு யார் தூங்குவார்கள்?

பகலில் படகில் ஏறும்போது என்ன செய்கிறோம்? லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறோம். எழுந்து நிற்காதே, ஒரு பக்கமாகச் சாயாதே, தண்ணீரில் கையை விடாதே என்று படகுக்காரர் சொல்கிறார். நாமும் குழந்தையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

இப்போது இதையே ராத்திரி இரண்டு மணிக்கு வைத்துப் பாருங்கள். ஜாக்கெட்டைக் கழற்றி மூலையில் போட்டாயிற்று. அதை மாட்டிக்கொண்டு யாராலும் நிம்மதியாகப் படுக்க முடியாது. படகுக்காரர் குறட்டை விடுகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நீங்களும் தூங்குகிறீர்கள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை எழுந்து, "ஒண்ணுக்கு வருது" என்று தூக்கக் கலக்கத்தில் நடக்கிறது. வீட்டில் என்றால் சுவரில் முட்டிக்கொள்ளும். இங்கே சுவர் எங்கே இருக்கிறது?

தண்ணீரில் விழுந்தவர் கையைக் காலை அடித்துக்கொண்டு கத்துவார், சத்தம் கேட்டு நாம் ஓடிப் போய்க் காப்பாற்றிவிடலாம் என்று நினைக்கிறோம். சினிமாவில்தான் அப்படி. மூழ்குகிறவரால் மூச்சு விடவே முடியாது, அப்புறம் எங்கே கத்துவது? முக்கியமாகக் குழந்தைகள் சத்தமே இல்லாமல் மூழ்கிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது. தூங்குகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

2021-ல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதில் குழந்தைகளின் பங்கு மிக அதிகம்.

குழந்தைகளை விடுங்கள், பெரியவர்களின் கதை என்ன? ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென்று எழுப்பினால் நமக்கு உடனே புத்தி தெளிவதில்லை. 'எங்கே இருக்கோம்?' என்று புரியவே கொஞ்ச நேரமாகும். சிலருக்கு அந்த மந்தம் கால் மணி, அரை மணி வரைகூட நீடிக்கும். கண்ணின் கதையும் அப்படித்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால், முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிஷமாகும். ஆபத்து அவ்வளவு நேரம் நமக்காகக் காத்திருக்குமா?

வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களா? சர்க்கரை வியாதி, புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் ராத்திரி இரண்டு மூன்று தரம் எழுந்திருக்க வேண்டியிருக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தள்ளாட்டம் இருக்கும். இவை வீட்டுத் தரையிலேயே இடுப்பெலும்பை முறிக்கிற சமாசாரங்கள். அசைகிற படகில் கேட்கவே வேண்டாம்.

'ஜாலி'க்காக ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டவர்களைப் பற்றித் தனியாக என்ன சொல்வது? குடித்தவருக்கு நிதானமும் இருக்காது, நீந்துகிற சக்தியும் இருக்காது. ஆனால் தைரியம் மட்டும் நிறைய இருக்கும். தண்ணீரில் இதைவிட மோசமான சேர்க்கை வேறு இல்லை.

எல்லோரும் தூங்கிய ஒரு படகு

"சார், சும்மா பயமுறுத்தாதீங்க. நங்கூரம் போட்டு நிக்கற படகுக்கு என்ன ஆகிடப் போகுது?" என்று நீங்கள் கேட்கலாம். என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நிகழ்ச்சி. ஏரியில் அல்ல, கடலில் நடந்தது. ஆனால் நம் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

2019 செப்டம்பர் 2. கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால், சான்டா குரூஸ் என்ற தீவை ஒட்டி 'கன்செப்ஷன்' என்ற உல்லாசப் படகு நங்கூரமிட்டு நின்றிருந்தது. கடலுக்கடியில் நீந்தி வேடிக்கை பார்க்க வந்தவர்கள் 33 பேர், ஊழியர்கள் 6 பேர். விடிகாலை மூன்று மணி சுமாருக்குத் தீப்பிடித்தது. அடித்தளத்தில் வரிசையாகப் படுத்திருந்த 34 பேரும் இறந்து போனார்கள். இந்தியர்களும் அதில் உண்டு. தப்பியவர்கள் மேல் தளத்தில் படுத்திருந்த ஐந்து ஊழியர்கள் மட்டும்தான்.

படுக்கை அறையிலிருந்து வெளியே வர இரண்டு வழி இருந்தது. இரண்டுமே மேலே இருந்த ஒரே கூடத்துக்குத்தான் போயின. தீ இருந்ததும் அங்கேதான்!

இதைவிட வேதனை ஒன்று உண்டு. ராத்திரியில் ஒரு ஊழியர் விழித்திருந்து படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று அந்தப் படகின் உரிமச் சான்றிதழிலேயே எழுதியிருந்தது. விதி இருந்தது, விழித்திருக்க ஆள்தான் இல்லை. ஆறு ஊழியர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. படகின் கேப்டனுக்கு 2024-ல் நான்கு வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போன உயிர் திரும்புமா?

நம் நாட்டுக்கு வருவோம். 2023 நவம்பர் 11. ஸ்ரீநகர் தால் ஏரி. அங்கே படகு வீடுகள் ஓடுவதில்லை, கரையோரம் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நிற்கும். எல்லாமே மரம். விடியற்காலை நேரத்தில் ஒன்றில் பிடித்த தீ அடுத்தடுத்த படகுகளுக்குத் தாவியது. பங்களாதேஷிலிருந்து சுற்றுலா வந்த மூன்று பேர் பலியானார்கள்.

இரண்டு சம்பவமும் நடந்த நேரத்தைக் கவனித்தீர்களா? ஊரெல்லாம் அயர்ந்து தூங்குகிற நேரம். ராத்திரியில் தீ புதிதாக எங்கிருந்தோ வருவதில்லை. பகலில் ஒரு வாளித் தண்ணீரில் அணைந்திருக்கக்கூடிய பொறியை, ராத்திரியில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. அதுதான் வித்தியாசம்.

ஆலப்புழையில் சும்மா விடவில்லை!

கேரளத்தில் ராத்திரி தங்குகிற படகு வீடுகள் ஓடுகின்றன என்பது உண்மைதான். முன்பு நெல் ஏற்றிச் சென்ற 'கெட்டுவள்ளம்' இன்று கட்டிலும் குளிர்சாதனமுமாக மாறி வேம்பநாட்டு ஏரியில் மிதக்கிறது. ஆனால் ராத்திரி பூரா அது ஏரியில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் படகைக் கரையோரமாகக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். மறுநாள் காலைதான் மீண்டும் கிளம்பும். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதற்கு வழிவிட வேண்டும், இருட்டில் எதிலும் மோதக்கூடாது என்பவை அதற்குக் காரணங்கள். படகோட்டியும் சமையல்காரரும் உங்களோடு அதே படகில்தான் இருப்பார்கள்.

சட்டமும் இருக்கிறது. 1917-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. இயந்திரப் படகு என்றால் பதிவு வேண்டும். பாதுகாப்புச் சோதனை நடத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓட்டுகிறவர்களுக்குத் தகுதி வேண்டும். தீயணைப்புக் கருவியும் உயிர் காக்கும் சாதனங்களும் இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த 'ஒரு ராத்திரி'.

அப்படி இருந்தும் விதியை மீறினால் என்ன ஆகும் என்பதைக் கேரளமே நமக்குக் காட்டியிருக்கிறது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ல் தானூரில், பொழுது சாய்ந்த பிறகும் ஆட்களை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு கிளம்பிய படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். இத்தனைக்கும் அந்த இரண்டு படகிலும் இருந்தவர்கள் தூங்கவில்லை, முழு விழிப்போடு இருந்தவர்கள்!

ஆக, 'அங்கே விடுகிறார்களே' என்று கேட்கும்போது, 'அங்கே என்னென்ன ஏற்பாட்டோடு விடுகிறார்கள்' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து மிதிக்கிற படகில் கூரை கிடையாது, உயரமான கைப்பிடி கிடையாது, கழிப்பறை கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. அதை நடு ஏரியில் நிறுத்திவிட்டுத் தூங்குவதற்கும் ஆலப்புழைப் படகு வீட்டில் தூங்குவதற்கும் சம்பந்தமே இல்லை.

மணம் இல்லாத விஷம்

மலை ஏரி என்றால் குளிர் கூடவே வரும். கொல்லிமலையின் மேல்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ராத்திரி பல் தந்தி அடிக்கும். உடனே என்ன செய்வோம்? எல்லாப் பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, உள்ளே ஒரு கணப்புச் சட்டியை வைப்போம். இல்லையென்றால் கேஸ் ஹீட்டர்.

இங்கேதான் ஒரு பெரிய எமன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. கரி, விறகு, கேஸ், பெட்ரோல், டீசல், எது எரிந்தாலும் இந்த வாயு வரும். காற்றோட்டம் குறைந்தால் அதிகமாக வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு ஆக்ஸிஜனைவிட இதன் மேல் இருநூறு மடங்குக்கும் அதிகமான ஒட்டுதல்! ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் இது உட்கார்ந்துகொள்ளும். மூளையும் இதயமும் பட்டினி கிடக்கும்.

விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரும். 'மலை ஏறி வந்ததால பித்தம்' என்று நாம் நினைத்துக்கொள்வோம். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. தூக்கம் அப்படியே மயக்கமாகி, மயக்கம் மரணமாகிவிடும்.

2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலை ஊருக்குக் கேரளத்திலிருந்து குடும்பங்களாகச் சுற்றுலா போயிருந்தார்கள். விடுதி அறையில் குளிருக்குக் கேஸ் ஹீட்டர் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்த எட்டுப் பேர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. அதில் நான்கு பேர் குழந்தைகள். ஓர் அறையிலேயே இந்தக் கதி என்றால், தார்ப்பாய் கட்டிய படகு எம்மாத்திரம்?

"நாங்க திறந்த இடத்துலதானே இருப்போம்" என்று சொல்கிறீர்களா? அமெரிக்காவில் பவல் என்ற ஏரி படகு வீடுகளுக்குப் பேர் போனது. 2000 ஆகஸ்டில் அங்கே இரண்டு சின்னப் பையன்கள், அண்ணன் தம்பி, படகு வீட்டின் பின்பக்கத் தண்ணீரில் இருந்தபோது ஜெனரேட்டர் புகையில் இருந்த இந்த வாயுவால் மயங்கி உயிரிழந்தார்கள். திறந்தவெளிதான், பட்டப்பகல்தான். புகைக் குழாயின் வாய் இருந்த இடத்தில் வாயு தேங்கி நின்றதுதான் காரணம்.

கொசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேங்கிய தண்ணீர் இருந்தால் கொசு இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு ராத்திரியில்தான் கடிக்கும். அதற்காகக் கொசுவர்த்தியைக் கொளுத்தி மரப் படகில், பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கினால்? தால் ஏரியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். கொசுவலைதான் நல்லது.

எழுபது வளைவும் நான்கு நிமிஷமும்

வாசலூர்பட்டி மாதிரி இடத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆக்ஸிஜன் போகாமல் மூளை தாக்குப் பிடிப்பது நான்கைந்து நிமிஷம்தான். அதற்குள் யாராவது பார்த்து, தூக்கி, மூச்சுக் கொடுத்தாக வேண்டும். பகலில் என்றால் கரையில் படகுக்காரர்கள் இருப்பார்கள், கடைக்காரர்கள் இருப்பார்கள், நாலு பேர் குதிப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? பனி மூட்டம் வேறு. எந்தப் பக்கம் கரை என்றே தெரியாது.

108-க்குப் போன் செய்யலாம். வண்டியும் வரும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் மலையிலிருந்து இறங்கி நாமக்கல்லுக்குத்தான் போக வேண்டும். அங்கே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் நடுவில் வளைவு வளைவாக மலைப்பாதை இருக்கிறதே! பகலிலேயே வயிற்றைக் கலக்குகிற பாதை. மூச்சுத் திணறும் நோயாளியோடு நள்ளிரவில் அதில் இறங்குவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் எல்லோரும் கூச்சப்பட்டுப் பேசாமல் விடுகிற விஷயம், கழிப்பறை. அரை மணி நேரச் சவாரியில் இந்தப் பிரச்னை இல்லை. ராத்திரி தங்கினால் உண்டு. கழிவுத் தொட்டி இல்லாத படகில் எல்லாம் எங்கே போகும்? ஏரிக்குத்தான். படகு வீடுகளின் கழிவு வேம்பநாட்டு ஏரியையும் தால் ஏரியையும் என்ன பாடு படுத்துகிறது என்பது பல வருடமாகப் பேசப்படுகிற விஷயம். அவை கடல் மாதிரி பரந்த ஏரிகள். அவற்றுக்கே அந்த நிலை என்றால், மலை மேல் இருக்கும் ஒரு சின்ன நீர்நிலை என்னாகும்? டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் கழிவு கலந்த தண்ணீரில் வருபவைதான். நாம் ஒரு ராத்திரி தங்கிவிட்டு இறங்கிவிடுவோம். அந்த மலையிலேயே பிறந்து, அந்தத் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்கள் எங்கே போவார்கள்?

"மீனவர்கள் தூங்கவில்லையா?"

இந்தக் கேள்வியும் வரும். ஆழ்கடலுக்குப் போகும் நம் மீனவர்கள் நாள் கணக்கில் படகிலேயே சாப்பிட்டு, படகிலேயே தூங்குகிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வதில்லை. முறை வைத்துத் தூங்குவார்கள். கப்பலிலும் அப்படித்தான், நான்கு மணி நேரத்துக்கு ஒரு காவல் மாறும். நங்கூரமிட்டு நிற்கும் கலம் ராத்திரியில் எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி வெள்ளை விளக்கு ஒன்றை எரியவிட வேண்டும் என்பது சர்வதேச விதி. தண்ணீரோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் கண்டுபிடித்த பாடம் இது. தண்ணீரை விடுமுறைக்கு மட்டும் பார்க்கிற நமக்கு அந்தப் பாடத்தில் விலக்குக் கிடையாது.

அதனால் 'காலம் பூரா தடையாகவே இருக்கட்டும்' என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே நம் மலை ஏரிகளில் ஒன்றில் தங்கும் படகு விட அரசு நினைத்தால் விடட்டும். ஆனால் அதற்கு முன் இந்த ஐந்தும் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க விழித்திருக்கும் காவலாள், கரையோடு சேர்த்துக் கட்டும் இடம், இடுப்புக்கு மேல் உயரமான கைப்பிடி, புகையையும் கார்பன் மோனாக்ஸைடையும் கண்டால் அலறுகிற கருவிகள், கழிவைக் கரைக்குக் கொண்டுவந்து அகற்றும் தொட்டி. இவை இல்லாதவரை பொழுது சாயும்போது படகைக் கரையில் கட்டுவதுதான் சரி. கூடவே அந்த போர்டில் 'அனுமதி இல்லை' என்பதற்குக் கீழே காரணத்தையும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். காரணம் தெரிந்தால் நம் ஜனங்கள் கேட்பார்கள். வெறும் தடையைப் பார்த்தால் 'பத்து ரூபாய் கொடுத்துச் சரிக்கட்டலாமா' என்றுதான் யோசிப்பார்கள்!

நீங்கள் கேட்க வேண்டியவை

இந்த விடுமுறைக்கு ஆலப்புழைக்கோ ஸ்ரீநகருக்கோ போகப் போகிறீர்களா? சந்தோஷமாகப் போய் வாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் கூச்சப்படாமல் இதையெல்லாம் கேளுங்கள்.

1. பதிவுச் சான்றிதழும் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழும் இருக்கிறதா? காலாவதி ஆகிவிட்டதா? காட்டச் சொல்லுங்கள்.

2. ராத்திரி யார் விழித்திருப்பார்? 'யாராவது இருப்பாங்க சார்' என்பது பதில் அல்ல. ஆளைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால் வேறு படகு பாருங்கள்.

3. படுக்கை அறையிலிருந்து வெளியே வர இரண்டு வழி உண்டா? இரண்டும் வேறு வேறு இடத்துக்குப் போகிறதா? வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பார்த்துவிடுங்கள்.

4. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? புகைக் குழாயின் வாய் உங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறதா? படகில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் மாத்திரை தேடாதீர்கள். எல்லோரையும் உடனே வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. குழந்தைகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? பெரியவர்கள் ஜாக்கெட்டில் குழந்தை நழுவிக் கீழே போய்விடும்.

6. ராத்திரி குழந்தையைச் சுவர் ஓரமாகவும் பெரியவர் வாசல் ஓரமாகவும் படுங்கள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, அந்தத் தாழ்ப்பாளை இருட்டில் திறந்து பழகிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு டார்ச் தலைமாட்டில் இருக்கட்டும்.

7. செல்போனைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். படகுக்குக் கரையிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் அந்தப் பக்கம் தண்ணீரில் இறங்கவே கூடாது. கசிவு இருந்தால் ஷாக் அடித்து உடம்பு மரத்துப் போய் மூழ்கிவிடும்.

விழுந்துவிட்டால்?

நீச்சல் தெரியாமல் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒன்று போய் இரண்டாகிவிடும். கயிறு, நீளக் கம்பு, முடிச்சுப் போட்ட புடவை, மூடிய காலி பிளாஸ்டிக் குடம், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசுங்கள். 

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் பழைய பழக்கம். வேண்டாம். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய் இன்னும் ஆபத்தாகும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு... உதவி வரும்வரை விடாதீர்கள். இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்து பேசினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

மற்றபடி, வாசலூர்பட்டியில் பகலில் ஆசை தீரப் படகு ஓட்டுங்கள். ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பொழுது சாய்ந்ததும் கரைக்கு வந்து, சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு, தரையில் போர்த்திக்கொண்டு படுங்கள். மலையில் நட்சத்திரம் கரையிலிருந்து பார்த்தாலும் அதே அழகுதான்!